முட்டையைக் கொல்லாத மருந்து

— முதுகு நிமிர மாட்டேங்குது மாப்ளே. இடுப்புல யாரோ ஆணி அடிச்சு வச்ச மாதிரி இருக்கு. அந்த ஸ்டூல நீயே இழுத்துப் போட்டு உக்காரு.

— நீங்க போய்ப் படுங்க மாமா. பவளத் தொட்டிய நான் பாத்துக்கறேன். அதாவது, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, மீன்தொட்டிக் கடையும் இல்ல. மத்தியானம் வரைக்கும் இங்கதான் இருப்பேன்.

— படுத்தா எந்திரிக்கறதுக்கு ரெண்டு ஆளு வேணும். அதான் சுவத்துல சாஞ்சு நிக்கறேன். பத்து நாளு. ஒரு நாளைக்கு மூணு கேனு. கேனுக்கு இருபது லிட்டரு. தெருமுனைத் தண்ணிக் கடையிலேர்ந்து இங்க வரைக்கும், அப்புறம் மூணு மாடி. லிஃப்ட் செத்து வருஷமாச்சு.

— தண்ணி மாத்தினது நல்லதுக்குத்தான் மாமா.

— யாரு மாத்தச் சொன்னது?

— நான்தான். ஃபோன்ல சொன்னேன்ல.

— சொன்ன. பவளம் வெளுக்குதுன்னா தண்ணியிலதான் கோளாறு, தினம் கால்வாசி மாத்துங்க, பத்து நாள்ல தெளிஞ்சிடும்னு சொன்ன. முப்பது கேனு சுமந்து, உப்பு கலக்கி, சூடு பாத்து ஊத்தினேன். ஷெட்டுல இரும்புத் தூணத் தோள்ல வச்சு வெல்டு பண்ணினப்பகூட இப்படி வலிச்சதில்ல. தெளிஞ்சிருக்கா பாரு.

— வெளுப்பு இன்னும் இருக்கு.

— இருக்கு இல்ல. ஏறியிருக்கு. கீழ ரெண்டு விரக்கடை இருந்தது இப்ப பாதி உசரத்துக்கு வந்திடுச்சு. நல்லாக் குனிஞ்சு பாரு. உனக்கு முதுகு நல்லாத்தானே இருக்கு.

— உப்பு எவ்வளவு நிக்குது மாமா?

— ஆயிரத்து இருபத்தஞ்சு. காலையில உங்க அக்கா அளப்பா, சாயந்திரம் நான்.

— தண்ணி ஆவியாகிக் குறையும்போது, தப்பா நெனைக்காதீங்க, உப்புத்தண்ணிய ஊத்தி நெரப்பிட்டீங்களா? தண்ணிதான் ஆவியாப் போகும், உப்பு உள்ளயே நிக்கும். அதுக்கு மேல உப்புத்தண்ணி ஊத்தினா...

— அத எனக்குச் சொல்றியா? முதல் வருஷம் அந்தத் தப்பப் பண்ணித்தான் கோமாளி மீனு ரெண்டையும் வாரிப் போட்டேன். அன்னிலேர்ந்து நல்லதண்ணிதான். அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு.

— விளக்கு மாத்தினீங்களா?

— அதே விளக்கு.

— சூடு?

— இருபத்தாறு.

— காரத்தன்மை?

— சொட்டு விட்டுப் பாத்தேன். எட்டுக்கும் ஒம்பதுக்கும் நடுவுல. நீ குடுத்த சொட்டு மருந்துதான்.

— அப்ப அலை மோட்டார்ல ஏதாச்சும் துரு...

— கேளு. கேட்டுக்கிட்டே இரு. நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன். ஒண்ணு மட்டும் நீ கேக்க மாட்டேங்கற.

— என்னது மாமா?

— புதுசா உள்ள என்ன வந்துச்சுன்னு.

— அது...

— ஊருல முப்பது வீட்டுத் தொட்டி பாக்கறவன் நீ. எந்த வீட்டுப் படியேறினாலும் முதல் கேள்வி அதுதான். 'புதுசா என்ன போட்டீங்க?' என் வீட்டுல மட்டும் உப்பு, சூடு, துருன்னு சுத்தி வர.

— ஊதா முனைப் பவளம் வந்துச்சு. நான் குடுத்தது.

— ஆறு வாரத்துக்கு முன்னாடி. அதுக்கப்புறம் ஒரு நத்தைகூட உள்ள போகல. சரி, அந்தப் பிளாஸ்டிக் குழாய எடு. தண்ணிய உறிஞ்சு. என் பெரிய பவளத்து மேல பீச்சு. டார்ச்ச நேரா அடிக்காத, சாய்ச்சுப் பிடி.

— மாமா, அதுக்கு இப்ப என்ன...

— பீச்சு.

— பீச்சிட்டேன்.

— என்ன பறக்குது?

— தூசு மாதிரி...

— மாப்ளே.

— புழு. தட்டைப்புழு.

— ஆங். நகத்தை உரிச்சுப் போட்ட மாதிரி. தண்ணியில பறந்தாக் கண்ணாடி, பவளத்து மேல உக்காந்தா பவளத்தோட நிறம். நாலடித் தொட்டிய ஆறு வருஷம் தினம் பாக்கற நானே பாக்கல.

— எப்ப பாத்தீங்க?

— வெள்ளிக்கிழமை சாயந்திரம். நாளெல்லாம் நெருப்பப் பாத்த கண்ணு, மணலக் கொட்டின மாதிரி எரிஞ்சுது. முதல்ல கண்ணுதான் பொய் சொல்லுதுன்னு நெனச்சேன். அப்புறம் உன் ஊதா முனையோட அடியில டார்ச்ச விட்டேன். கல்லும் பவளமும் ஒட்டற இடத்துல கடுகு கடுகா. அது என்ன?

— முட்டை.

— நீ கொண்டாந்து குடுத்தப்ப என்ன சொன்ன? மருந்துல முக்கி எடுத்தேன், ரெண்டு தடவ முக்கினேன், கண்ண மூடிக்கிட்டு உள்ள வைங்கன்ன. முக்கினியா?

— சத்தியமா முக்கினேன் மாமா. ரெண்டு தடவயும் நின்னு நேரம் பாத்து முக்கினேன். அதாவது, மருந்து புழுவக் கொல்லும். முட்டையக் கொல்லாது.

— எனக்கு அது தெரியாது. உனக்குத் தெரியுமா?

— தெரியும்.

— புழு இல்லாத பவளத்த எவன் ரெண்டு தடவ முக்குவான்?

— மாமா, நான் கெட்டது நெனைக்கல.

— நெனச்சியா இல்லையான்னு கேக்கல. புழு இருக்குன்னு தெரிஞ்சு கொண்டாந்தியான்னு கேக்கறேன்.

— தெரிஞ்சுதான்.

— சரி. இப்ப சொல்லு, முழுசா. மேல பெயிண்ட் அடிக்காத.

— கடையில பெரிய தொட்டி முழுக்கப் புழு மாமா. எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியல. இந்தப் புழு கிளைப் பவளத்த மட்டும்தான் திங்கும், ஒவ்வொண்ணா வெளுத்துச்சு. முதலாளி ரெண்டு நாள் சாப்பிடல. அந்த ஊதா முனைதான் அவருக்குத் தாய்த் துண்டு. பத்து வருஷமா அதுலேர்ந்துதான் வெட்டி வெட்டி விக்கறாரு. 'எங்கயாச்சும் சுத்தமான தொட்டியில கொஞ்ச நாள் வச்சுக் காப்பாத்துடா'ன்னாரு. கடைத் தொட்டியில கிளைப் பவளம் ஒண்ணும் இல்லாம ஆறு வாரம் போட்டா, திங்க ஒண்ணுமில்லாம புழு செத்துடும். அதுவரைக்கும் இது ஒரு இடத்துல இருக்கணும்.

— சுத்தமான தொட்டியில.

— எனக்குத் தெரிஞ்சு உங்க தொட்டி மாதிரி சுத்தம் வேற எங்கயும் இல்ல மாமா.

— இத நான் பாராட்டா எடுத்துக்கணுமா?

— அப்படி இல்ல.

— நோயாளிய அனுப்பறவன் என்ன நோயின்னு சொல்லி அனுப்பணும். நீ ரிப்பன் கட்டி அனுப்பின. எங்க கல்யாண நாளுக்குப் பரிசுன்னு உங்க அக்கா கையில குடுத்த. அவ அத நாலு பேருக்கு ஃபோன் போட்டுச் சொன்னா. என் தம்பி எனக்குக் கடலையே கொண்டாந்து குடுத்தான்னு.

— உண்மையச் சொன்னா உள்ள விட்டிருப்பீங்களா?

— மாட்டேன்.

— அதான் சொல்லல.

— நல்லா இருக்குடா நியாயம். சரி, அதுவும் போகட்டும். ரெண்டு வாரம் முன்னாடி நான் ஃபோன் போட்டேன். அடி வெளுக்குதுன்னு சொன்னேன். சொன்ன நிமிஷமே உனக்குத் தெரிஞ்சிருக்கும், இது புழுன்னு.

— தெரிஞ்சுது.

— அப்புறம் எதுக்குத் தண்ணி மாத்தச் சொன்ன?

— கடைத் தொட்டி தயாராக இன்னும் ரெண்டு வாரம் இருந்துச்சு மாமா. அதுவரைக்கும் நீங்க... அதாவது, நீங்க டார்ச் எடுத்துப் பாத்துட்டா ஊதா முனையத் தூக்கி எறிஞ்சிடுவீங்க. கொஞ்சம் நேரம் வேணும்னு நெனச்சேன்.

— ஆக, என் கை பக்கெட்டுல இருக்கணும். கண்ணு தொட்டியில இருக்கக் கூடாது.

— மன்னிச்சிடுங்க மாமா.

— முப்பது கேனுடா. உனக்குத் தெரியும், நான் சுமப்பேன்னு. சொன்னா இவன் சுமப்பான்னு தெரிஞ்சு சொல்லியிருக்க. வேற ஆளா இருந்தா மூணாம் நாளே விட்டிருப்பான்.

— டீ ஆறிடும், ரெண்டு பேரும் எடுத்துக்குங்க. ஏண்டா தம்பி, முகமெல்லாம் ஏன் இப்படி இருக்கு? பவளம் பொழைக்குமா பொழைக்காதா?

— நீ உள்ள போக்கா. நான் அப்புறம் சொல்றேன்.

— எதுக்கு அப்புறம்? தினம் காலையில உப்பு பாக்கறவ நான். இவரு டபுள் ஷிஃப்ட் போற நாள்ல கண்ணாடி தொடைக்கறவ நான். என்னங்க, நீங்களாவது சொல்லுங்க.

— உன் தம்பி குடுத்த பரிசுல புழு இருந்துச்சு. தெரிஞ்சேதான் குடுத்தான். அது பரிசும் இல்ல, அவன் முதலாளியோட பவளம். இங்க ஒளிச்சு வச்சிருந்தாங்க.

— இவரு சொல்றது நெசமாடா?

— அக்கா, முதலாளி புதுசா இன்னொரு கடை திறக்கறாரு. என்ன அதுக்குப் பொறுப்பாப் போடறேன்னாரு. பதினாலு வருஷம் ஊரான் வீட்டுத் தொட்டிக்குள்ள கையவிட்டுக் கழுவியிருக்கேன். விரல் இடுக்கெல்லாம் புண்ணு, நீதான் பாத்திருக்கியே. அந்த ஒரு துண்ட மட்டும் காப்பாத்திக் குடுன்னாரு. நான் என்ன பண்ணுவேன்?

— எங்கிட்ட வந்து சொல்லியிருப்ப. அக்கா, இப்படி ஒரு நெருக்கடின்னு. நான் இவருகிட்ட பேசியிருப்பேன். ஒரு சின்னத் தொட்டி வாங்கி, சமையக்கட்டுல தனியா வச்சுக் காப்பாத்தியிருப்போம். உனக்காக ஒரு மூலை இல்லாமப் போச்சா இந்த வீட்டுல?

— தோணலக்கா.

— தோணாது. கேக்கறதுக்குத்தான் வெக்கம் வரும். ஏமாத்தறதுக்கு வராது. கீழ ரெண்டாம் மாடி நர்ஸம்மாவப் பாரு. ஒட்டும் இல்ல உறவும் இல்ல. நேத்து இவரு போய் நின்னதும், ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்காம வெட்டிக் குடுத்திருக்காங்க. நீ என் கூடப் பொறந்தவன்.

— என்ன வெட்டிக் குடுத்தாங்க?

— காப்புத் துண்டு. அடுப்புல பால் வச்சிருக்கேன். இவருகிட்ட கேட்டுக்கோ. எனக்கு உன் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கல.

— மாமா, காப்புத் துண்டு வந்திடுச்சா? உங்க பெரிய பவளத்தோடதா?

— அதேதான். மூணு வருஷம் முன்னாடி என் பவளத்துலேர்ந்து ஒரு கிளை வெட்டி அந்தம்மா தொட்டியில வச்சேன். இங்க செத்தாலும் அங்க உசுரோட இருக்கட்டும்னு. நீதானே எல்லாருக்கும் சொல்லிக் குடுத்த, ஒரு துண்டு எப்பவும் அடுத்த வீட்டுல இருக்கணும்னு.

— எங்க வச்சிருக்கீங்க?

— பால்கனியில. மீனப் பிடிச்சுத் தனியா விடற சின்னத் தொட்டியில, தனி மோட்டாரு, தனி விளக்கு. நேத்து நாலு தடவ பாத்துட்டேன். ஒரு புழு இல்ல. அடி சுத்தம்.

— அப்பாடா. இத முதல்லயே சொல்லியிருக்கலாமே மாமா. அப்ப ஒண்ணும் போகல. இந்தத் தொட்டியிலேர்ந்து கிளைப் பவளம் எல்லாத்தையும் எடுத்திடுவோம். மீனு, பாறை, நத்தை அப்படியே இருக்கட்டும். ரெண்டு மாசம் விட்டா புழு பட்டினி கெடந்து செத்துடும். அதுக்கப்புறம் காப்புத் துண்ட உள்ள வச்சா...

— ஆறு வருஷம் கழிச்சு மறுபடி இந்த அளவு வரும்.

— வரும் மாமா.

— எனக்கு அம்பத்தி மூணு வயசு. கண்ணு டாக்டரு இன்னும் ரெண்டு வருஷத்துல வெல்டிங்க விட்டுடுன்னு சொல்லிட்டாரு. சுண்டு விரல் நகம் அளவு வந்துச்சுடா இது. வாட்டுற வெல்டிங் வெளிச்சத்துலேர்ந்து வந்து இத ஒரு மணி நேரம் பாத்தாத்தான் கண்ணு அடங்கும். இப்ப சோத்துத் தட்டு அளவு நிக்குது. நாளைக்குச் சுத்தியல எடுத்து நானே இதப் பேத்தெடுக்கணும்.

— நான் பேத்துத் தரேன்.

— வேணாம். உன் கை இதுல பட வேணாம். உன் வேலையப் பாரு. அந்த தெர்மோகோல் பெட்டி எதுக்குக் கொண்டாந்த?

— எது?

— கதவுகிட்ட வச்சிருக்கியே. உள்ள வந்ததும் கால நீட்டி மறைச்ச.

— அது... முதலாளி ஊதா முனைய எடுத்துட்டு வரச் சொன்னாரு. நேத்தோட ஆறு வாரம் முடிஞ்சுது.

— நான் கூப்பிட்டேன்னு வரல அப்ப.

— நீங்க கூப்பிட்டதுக்கும்தான் வந்தேன்.

— நான் கூப்பிடலன்னா எப்படி எடுத்திருப்ப? எங்க கல்யாண நாள் பரிச என்ன சொல்லித் திருப்பி வாங்கியிருப்ப?

— கடைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பாக்கறேன்னு சொல்லி... அப்புறம் வேற ஒண்ணு குடுத்திருப்பேன். நல்லதா.

— எடுத்துக்கோ. முட்டையோட எடுத்துக்கோ. உன் முதலாளிகிட்ட சொல்லு, படுக்கை வாடகை வேணாம்னு. இனிமே உங்க அக்காவப் பாக்கணும்னா வா, சாப்பிடு, போ. இந்தத் தொட்டிப் பக்கம் வராத. நான் வெல்டு வச்சா ஒடையாதுன்னு ஷெட்டுல சொல்லுவாங்க. ஒடைஞ்சது ஒடைஞ்ச இடத்துல ஒட்டாது, அது எனக்குத்தான் தெரியும்.

— நீங்க என்ன திட்டினாலும் வாங்கிக்கறேன் மாமா. நீங்க இப்படி ஒருத்தருக்கும் பண்ண மாட்டீங்க. எனக்குத் தெரியும்.

— எடுத்துக்கிட்டுக் கெளம்பு.

— எடுக்கறேன். இந்தப் பாறைய லேசாத் தள்ளிக்கறேன். வந்துடுச்சு. மாமா.

— என்ன?

— இந்தப் பக்கம் ஒரு கிளை இல்ல.

— இல்லன்னா என்ன. புழு தின்னிருக்கும்.

— புழு தோலத்தான் திங்கும், எலும்பத் திங்காது. இது வெட்டுவாய். வெள்ளையாப் பளிச்சுன்னு இருக்கு, மேல பாசிகூடப் படியல. ரெண்டு நாளைக்குள்ள யாரோ கட்டர் வச்சு வெட்டியிருக்காங்க.

— நான்தான் வெட்டினேன்.

— செத்த பகுதின்னு வெட்டினீங்களா?

— இல்ல. இருந்ததுலயே நல்ல கிளை.

— அது எங்க இப்ப? பால்கனியில இதையும் வச்சிருக்கீங்களா? ரெண்டையும் ஒண்ணா வச்சா...

— பால்கனியில இல்ல.

— பின்ன?

— காப்புத் துண்டு கேக்கப் போறவன் வெறுங்கையோட போக முடியுமா? ஒரு துண்டு வாங்கினா ஒரு துண்டு வைக்கணும். அதுதானே வழக்கம்.

— நர்ஸம்மா வீட்டுக்கா? மாமா, நர்ஸம்மா தொட்டி முழுக்கக் கிளைப் பவளம்.

— மெதுவாப் பேசு. அக்காவுக்குக் கேக்கும்.

— வெள்ளிக்கிழமை புழுவப் பாத்தேன்னு சொன்னீங்க.

— பாத்தேன்.

— நேத்து சனிக்கிழமை.

— கிழமை எனக்குத் தெரியும்டா.

— தெரிஞ்சுமா குடுத்தீங்க?

— மருந்துல முக்கினேன். அடிய விட்டுட்டு நுனிக் கிளையாத்தான் வெட்டினேன். முட்டை கண்ணுக்குத் தெரியல.

— கண்ணுக்குத் தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமா? நீங்க அவங்ககிட்ட உண்மையச் சொல்லிட்டு, வெறுங்கையோட போய் நின்னிருந்தாலும் குடுத்திருப்பாங்களே.

— குடுத்திருப்பாங்களா? என் வீட்டுத் தொட்டியில புழுன்னு தெரிஞ்சா இந்தக் கைய அவங்க தொட்டிக்குள்ள விட்டிருப்பாங்களா? கதவையே திறந்திருக்க மாட்டாங்க. எனக்கு என் துண்டு வேணும்டா. ஆறு வருஷம்.

— அவங்க என்ன சொன்னாங்க?

— ஊதா முனையக் கையில வாங்கிப் பாத்துட்டு, இவ்வளவு நல்ல துண்டு எதுக்கு, சாதாரணமா ஒண்ணு போதுமேன்னாங்க. நைட் டியூட்டி முடிச்சு வந்து தூங்காம நின்னுக்கிட்டிருந்தாங்க. நடுப்பாறையில இடம் பண்ணி, அவங்க கையாலயே ஒட்டினாங்க. நான் டார்ச் பிடிச்சேன்.

— இப்பவே போகலாம் மாமா. ஒரு நாள்தான் ஆச்சு. வாங்க, நானும் வரேன், எடுத்திடலாம்.

— போய் என்ன சொல்றது?

— நான் குடுத்தது, எனக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியாதுன்னு நானே சொல்லிடறேன். பழி எம்மேலயே இருக்கட்டும்.

— வேணாம். உன் கணக்கு வேற, என் கணக்கு வேற. நான் பேச வேண்டியத நீ பேசினா அது இன்னொரு பொய்யி. அந்தம்மா எனக்குச் சுத்தமான துண்டு குடுத்தாங்க, நான் அவங்களுக்குப் புழுவக் குடுத்தேன். அத என் வாயால அவங்களுக்குச் சொல்ல வேண்டிய கடன் இன்னும் அப்படியே பாக்கி நிக்குது.